நாற்பத்தொரு இடங்களில்

ஒன்று புள்ளி ஐந்து. எண் சரிதான். எண்ணின் தலைக்கு மேல் எழுதியிருந்த பெயர்தான் தப்பு. எமரென்சியா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டாள். கண்ணாடியில் அழுக்கு இருந்து தொலைத்தால் நன்றாயிருக்குமே என்று ஒரு நப்பாசை. கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. திரையின் இடது பாதியில் ஸ்பானிஷ் மூலம், வலது பாதியில் போன வருடம் அவளே செய்து கொடுத்த ஆங்கிலம். இடது பக்கம் ‘எரோர் தீபிக்கோ’ என்று இருந்தது. ஆங்கிலத்தில் ஸ்டாண்டர்டு எரர், அவள் படித்த புத்தகத் தமிழில் திட்டப்பிழை. வலது பக்கம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது ஸ்டாண்டர்டு டீவியேஷன், திட்ட விலக்கம். இரண்டும் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. முகஜாடை ஒன்று, குணம் வேறு. வெள்ளிக்கிழமை காலை பத்து இருபது. ஒரு மணிக்குள் இரண்டாவது அறிக்கையை அனுப்பியாக வேண்டும், நாலு பக்கம்தான் பாக்கி. அந்த நாலு பக்கத்தில் முதல் வரியிலேயே ‘முதல் ஆய்வின் நான்காம் அட்டவணையில் கண்டபடி’ என்று இருந்ததால், போன வருடம் என்ன சொல் போட்டோம், அதையே போடுவோம் என்று பழைய கோப்பைத் திறந்தாள். ஒழுங்கான வேலைக்காரி செய்கிற காரியம்தான் அது. ஒழுங்காக இருக்கப் போய்த்தான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியிருக்கிறது. நாலு வருடமாக ஸ்பானிஷ் மருத்துவ அறிக்கைகளை ஆங்கிலமாக்குகிறாள், பி.எஸ்சி. புள்ளியியல் படித்தவள், இந்த இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிரித்துச் சொல்வாள். தூக்கத்தில் கேட்டிருந்தால் பிரித்திருப்பாள்தான். விழித்திருந்தபோதல்லவா கோட்டை விட்டாள்.

எப்படி நடந்தது என்று யோசிக்கவே தேவையில்லை, கைக்குத் தெரியும். மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோரும் வைத்திருக்கிற டூல் அது. செய்து முடித்த வாக்கியங்களை எல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டு, அதே ஜாடையில் புது வாக்கியம் வந்தால் ‘இந்தா, முன்னாடி இப்படித்தான் போட்டாய்’ என்று பழைய ஆங்கிலத்தை எடுத்து நீட்டும். ஒற்றுமை எத்தனை சதவீதம் என்றுகூடச் சொல்லும். முதல் அட்டவணையில் ‘சராசரியும் திட்ட விலக்கமும்’ என்று இருந்தது, சரியாகப் போட்டாள். அடுத்த அட்டவணையில் ‘சராசரியும் திட்டப்பிழையும்’ என்று வந்திருக்கும். டூல் பழையதை நீட்டியிருக்கும், எண்பத்தேழு சதவீதம் என்று. எண்பத்தேழு என்றால் பரீட்சையில் நல்ல மார்க். மீதிப் பதின்மூன்று சதவீதத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சுண்டுவிரல் பக்கத்திலிருந்த சாவியை அழுத்தியிருப்பாள். ஒரே ஒரு அழுத்து. அவ்வளவுதான், அதற்கப்புறம் அந்த வாக்கியம் எங்கெல்லாம் வந்ததோ அங்கெல்லாம் டூலே நிரப்பிக்கொண்டு போயிருக்கும், கேள்வி கேட்காத சேவகன் போல. எங்கெல்லாம்? எத்தனை இடம்? தேடல் கட்டத்தில் சொல்லைப் போட்டு ஒரு தட்டுத் தட்டினால் எண்ணிக்கை வந்துவிடும். கட்டத்துக்குள் கோடு மினுங்கிக்கொண்டு நின்றது. அவள் தட்டவில்லை. முதலில் இந்த நாலு பக்கத்தை முடிப்போம், அப்புறம் பார்ப்போம் என்று மனசு ஒரு நல்ல பிள்ளை வேஷம் போட்டது. கமாக்களை எப்படிக் காவல் காத்தாள் என்று நினைத்தால் சிரிப்பு வந்தது. ஸ்பெயின்காரர்கள் புள்ளி வைக்கிற இடத்தில் கமா வைப்பார்கள், ஆயிரத்துக்குக் கமா வைக்கிற இடத்தில் புள்ளி வைப்பார்கள். அதில் ஏமாந்தால் ஆயிரத்து இருநூறு மில்லிகிராம் ஒன்று புள்ளி இரண்டு மில்லிகிராம் ஆகிவிடும் என்று பயந்து, ஒவ்வொரு எண்ணையும் காகிதத்தில் அச்சடித்து, பென்சிலால் தொட்டு, வாய்விட்டு ஸ்பானிஷில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை படித்துச் சரிபார்ப்பாள். எண்கள் ஒன்றுகூடத் தவறவில்லை. முன்வாசலுக்கு மூன்று பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதை.

“எமரி! மோட்டார் போட்டிருக்கேன், டேங்க் ரொம்பினா ஒரு சத்தம் குடு!” என்று கீழ்வீட்டுச் சகாயம் அக்கா படிக்கட்டடியிலிருந்து கத்தினாள். வீட்டுக்காரம்மா. மாடி போர்ஷனில் தனியாகக் கிடக்கிற முன்னாள் கன்னியாஸ்திரீக்குக் காது சும்மாதானே இருக்கிறது என்று டேங்க்கை ஒப்படைத்துவிடுவாள். “சரிக்கா” என்றாள் எமரென்சியா. மேலே குழாயில் தண்ணீர் ஏறுகிற சத்தம் மண்டைக்குள்ளேயே ஏறுகிற மாதிரி இருந்தது. நாலு பக்கத்துக்குத் திரும்பினாள். இரண்டாவது வாக்கியத்தில் ‘எஸ்பெரான்சா’ வந்து நின்றது. எதிர்பார்க்கப்படும் மதிப்பு என்று நாம் சொல்கிற கணக்கை அவர்கள் நம்பிக்கை என்றே சொல்வார்கள், கணித நம்பிக்கை. மடத்தில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று மூன்று புண்ணியங்களை ஸ்பானிஷில் மனப்பாடம் செய்தபோது கற்ற அதே சொல். ஆங்கிலத்துக்குப் போகும்போது நம்பிக்கையை வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டு மதிப்பை மட்டும் உள்ளே விடுவார்கள். ஒவ்வொரு தடவையும் அதற்காகக் கொஞ்சம் வருத்தப்படுவாள், வருத்தப்பட்டபடியே சரியான ஆங்கிலச் சொல்லைப் போடுவாள், ஏனென்றால் படிக்கிற டாக்டருக்கு அவளுடைய வருத்தம் தேவையில்லை. சரியான சொல் தேவை. சரியான சொல். விரல் நின்றுவிட்டது. எந்தப் பக்கம் ஓடினாலும் அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது, திருச்சியில் எந்த டவுன் பஸ்ஸில் ஏறினாலும் கடைசியில் சத்திரம் ஸ்டாண்டில் இறக்கிவிடுகிற மாதிரி.

சரி, அதனால் என்ன, ஒரு சொல்தானே? இல்லை. தனக்குத் தானே பொய் சொல்ல அவளுக்கு வராது, வந்திருந்தால் மடத்திலேயே இருந்திருப்பாள். ரத்த அழுத்த மாத்திரை அது. எழுபது வயதுக்கு மேற்பட்ட நூறு பேருக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அழுத்தம் சராசரியாகப் பன்னிரண்டு குறைந்தது. பக்கத்தில் ஒன்று புள்ளி ஐந்து. அது திட்டப்பிழை என்றால், இன்னொரு நூறு பேரைப் பிடித்து இதே சோதனையைச் செய்தாலும் சராசரி இந்தப் பன்னிரண்டை ஒட்டித்தான் வரும், ஒன்றரை இப்படி அப்படி ஆடும் என்று அர்த்தம். ஆட்டம் சராசரிக்கு. திட்ட விலக்கம் என்றால் அது ஆட்களைப் பற்றிய பேச்சு. யார் யாருக்கு எவ்வளவு குறைந்தது, எவ்வளவு சிதறிக் கிடக்கிறார்கள் என்பது. அவள் போட்ட சொல்லை நம்பிப் படிக்கிறவர் என்ன நினைப்பார்? நூறு கிழவர் கிழவிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற மாதிரி பத்து, பன்னிரண்டு, பதினாலு என்று அடக்கமாக நின்றார்கள் என்று நினைப்பார். எத்தனை சாதுவான மாத்திரை என்று நினைப்பார். பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டாள். திட்டப்பிழையை ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் சிதறல் வரும், நூறின் வர்க்கமூலம் பத்து. ஒன்றரையைப் பத்தால் பெருக்கினால் பதினைந்து. உண்மையான சிதறல் பதினைந்து. நூற்றில் ஓரிருவர் சராசரியிலிருந்து இரண்டு சிதறல் தள்ளி நிற்பது கணக்கில் வழக்கம், பன்னிரண்டுக்கு மேலே இரண்டு பதினைந்து போனால் நாற்பத்திரண்டு. அந்த நூறு பேரில் யாரோ ஓரிருவருக்கு அழுத்தம் நாற்பத்திரண்டு இறங்கியிருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்த உடனே இறங்கியிருக்கும். பேப்பரில் நாற்பத்திரண்டு என்று எழுதி வட்டம் போட்டாள், வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம் போட்டாள், பென்சில் முனை ஒடிந்தது.

அந்த ஓரிருவர் எப்படி இருப்பார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கே பிரஷர் என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். “எல்லாருக்கும் ஒத்துக்கிறதும்மா, பயப்படாம போடுங்க” என்றார் டாக்டர். நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முழங்காலிலிருந்து எழுந்தவள், பீடத்து மெழுகுவத்திகள் எல்லாம் பக்கவாட்டில் நகர்வதைப் பார்த்தாள். காதுக்குள் பஞ்சு அடைத்த மாதிரி ஆகி, பாடல்குழு எங்கேயோ அடுத்த ஊரில் பாடியது. முன்பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. பிடித்துக்கொள்ள ஒரு பெஞ்சு இருந்தது. எழுபத்தைந்து வயதுக்காரர் குளியலறையில் எழுந்தால் பிடித்துக்கொள்ள என்ன இருக்கும், வாளியின் விளிம்பு இருக்கும். இடுப்பு எலும்பு போனால் அந்த வயதில் ஆளே போன மாதிரிதான். டாக்டர் பொய் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஒத்துக்கொள்வதாகத்தான் அவர் படித்த தாளிலும் இருந்திருக்கும். அந்தத் தாளை யார் எழுதினார்கள், யார் மொழிபெயர்த்தார்கள் என்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை. மொழிபெயர்ப்பாளர் பெயர் எந்த அறிக்கையிலும் இருக்காது.

சென்னையில் ஒரு மருத்துவமனை டாக்டர்கள் குழு வருகிற திங்கட்கிழமை உட்கார்ந்து, தங்கள் முதியோர் பிரிவில் இந்த மாத்திரையைத் தொடங்கலாமா என்று முடிவு செய்யப் போகிறது. அதற்காகத்தான் இரண்டாவது அறிக்கைக்கு இத்தனை அவசரம். மொழிபெயர்ப்பு ஏஜென்சியில் வேலையைப் பிரித்துக் கொடுக்கிற ஹேமலதா போன வாரமே சொன்னாள். அவர்கள் மேசையில் முதல் அறிக்கை ஏற்கெனவே இருக்கிறது, எமரென்சியாவின் ஆங்கிலத்தில். ஆனால் அவர்கள் படித்தவர்கள் இல்லையா? ஒன்றரை என்று பார்த்ததும், என்னடா இது, மனுஷர்கள் இத்தனை ஒழுங்காக இருக்க மாட்டார்களே என்று ஒருத்தருக்காவது சந்தேகம் வராதா? வரும். நிச்சயம் வரும். குழுவில் ஒரு புள்ளியியல் ஆள் இருப்பார், அவர் பார்த்துக்கொள்வார். அவர், மொழிபெயர்ப்பைச் சரிபார்த்த ஆள் பார்த்திருப்பார் என்று நினைப்பார். சரிபார்த்த ஆள், எமரென்சியா புள்ளியியல் படித்தவள், அவளுக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பார். குளத்தை நிரப்ப ஆளுக்கொரு குடம் பால் ஊற்றச் சொன்னபோது, எல்லாரும் பால்தானே ஊற்றுவார்கள், நான் ஒருத்தன் தண்ணீர் ஊற்றினால் என்ன என்று ஊரே தண்ணீர் ஊற்றின கதை. முதல் குடம் அவளுடையது. மேலே டேங்க் நிரம்பி ஜன்னலுக்கு வெளியே அருவி மாதிரி கொட்டத் தொடங்கியது. “ரொம்பிருச்சுக்கா!” என்று கத்தினாள். குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது. கீழே மோட்டார் நின்றது. அந்த அமைதியில், யோசிக்க நேரம் கொடுக்காமல், தேடல் கட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினாள்.

நாற்பத்து நாலு. பக்கம் பதினொன்றில் தொடங்கி நூற்று ஆறு வரை.  ஆச்சரியமாக ஒரு தெம்பு வந்தது. எண் தெரிந்துவிட்டது அல்லவா. எண் தெரியாத வரைக்கும் பூதம், தெரிந்த பிறகு வேலை. புதுப் பக்கம் திறந்து கட்டம் போட்டாள்: பக்கம், அட்டவணை, போட்டது, போட வேண்டியது. ஒவ்வொன்றாக மூலத்தைப் பார்த்தாள். டூலை மூடி வைத்துவிட்டாள், பென்சிலைச் சீவிக்கொண்டு, எண்களைப் படிக்கிற மாதிரியே சொற்களையும் வாய்விட்டுப் படித்தாள். பதினேழாவது இடத்தில் சந்தேகம் வந்தது, குழுவில் நூறு பேர் இல்லை, நாற்பத்தொன்பது பேர்தான். அதன் வர்க்கமூலமான ஏழால் பெருக்கிப் பார்த்தாள், பொருந்தியது. மூன்று இடங்களில் மூலத்திலேயே திட்ட விலக்கம்தான் இருந்தது. அந்த மூன்றையும் பார்த்தபோது அநியாயத்துக்குச் சந்தோஷப்பட்டாள், மழையில் எல்லாத் துணியும் நனைந்த பிறகு கொடியில் மூன்று கைக்குட்டை காய்ந்து கிடந்த மாதிரி. மீதி நாற்பத்தொன்று. எல்லாம் தப்பு. கடைசிக் கட்டத்தை நிரப்பியபோது மணி பதினொன்று நாற்பது. காபி ஆறி ஆடை கட்டியிருந்தது. ஆடையோடு குடித்தாள்.

இப்போது யாரிடம், எப்படி. சும்மா இந்த இரண்டாவது அறிக்கையில் சரியான சொல்லைப் போட்டு அனுப்பிவிடலாம். பழையதும் புதியதும் முரண்படும், யாராவது கவனித்தால் கேட்பார்கள், கேட்டால் அப்போது சொல்லலாம். அல்லது பழைய தப்பையே இதிலும் போட்டால் இரண்டும் ஒத்துப்போகும், ஏஜென்சி விதியும் அதுதான், அங்கீகரித்த சொற்பட்டியலை மீறக் கூடாது. விதிப்படியே ஒரு பாவத்தைச் செய்யலாம் என்பது அவளுக்குப் புதுச் செய்தி இல்லை. இன்னொரு விதியும் இருக்கிறது: மருத்துவ அறிக்கையில் கடுமையான பிழை ஒன்று நிரூபணமானால் அந்தப் பிரிவுப் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். ஒன்றே ஒன்று போதும், இங்கே நாற்பத்தொன்று. பட்டியலில் ஏற அவளுக்கு மூன்று பரீட்சை, ஒன்றரை வருடம் ஆயிற்று. முப்பத்தைந்து வயதில் ஒரு பெட்டியோடு மடத்தை விட்டு வந்தவளை, என்ன தப்பு செய்தாளோ என்று சொந்தக்காரர்கள் மேலும் கீழும் பார்த்த காலத்தில், இந்த வேலைதான் அவளைக் கையைப் பிடித்து எழுப்பி உட்கார வைத்தது. சுற்றுலா விளம்பரமும் சலவை இயந்திரக் கையேடும் மொழிபெயர்த்தவள் இதற்கு வந்ததும்தான், படித்த புள்ளியியலும் ஆறு வருட ஸ்பெயினும் வீண் போகவில்லை என்று முதல் தடவையாகத் தோன்றியது. இதுவும் போனால் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்வாள்? பயமாக இருந்தது. வெட்கமில்லாமல் ஒத்துக்கொண்டாள், பயமாகத்தான் இருந்தது.

ஹேமலதாவைக் கூப்பிட்டாள். “சொல்லுங்க மேடம், ஒரு மணிக்குத்தானே டெலிவரி?” என்றாள் அவள், பின்னால் அலுவலகத்துச் சலசலப்பு. எமரென்சியா எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அப்புறம் கதவு சாத்துகிற சத்தம், பின்னால் அமைதி. “மேடம், இத யார்கிட்டயாவது சொன்னீங்களா?” “இல்ல, உங்ககிட்டதான் மொதல்ல.” “அப்ப சொல்லாதீங்க. ஒரு வருஷம் ஆச்சு, ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல. க்ளையன்ட் பாராட்டி மெயில் போட்டாங்க. இதுல கரெக்டா போட்டுட்டு விட்டுடுங்க. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டிங்கிற மாதிரி ஆயிடப் போவுது.” “திங்கக்கெழம அவங்க முடிவு பண்ணப் போறாங்களே ஹேமா.” “அவங்க டாக்டருங்க மேடம். நம்ம ஆங்கிலத்த மட்டும் பாத்தா முடிவு பண்ணுவாங்க?” “வேற எத பாப்பாங்க? அவங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாதுன்னுதான நம்மகிட்ட குடுத்தாங்க.” ஹேமலதா பிறகு குரலைத் தாழ்த்தி, “நீங்க மெயில் போட்டா அத நான் அமுக்க முடியாது, மேல அனுப்பியே ஆகணும். உங்களத் தூக்கிருவாங்க மேடம். எனக்குக் கஷ்டமா இருக்கு, அதான் சொல்றேன்” என்றாள். அவள் கெட்டவள் இல்லை. போன கிறிஸ்மஸுக்குச் சென்னையிலிருந்து பிளம் கேக் அனுப்பியவள். “தெரியும் ஹேமா. பத்து நிமிஷத்துல மெயில் வரும். வந்த உடனே மேல அனுப்பிடுங்க, மதியம் சாப்பிட்டுட்டு அனுப்பலாம்னு வெக்காதீங்க” என்று சொல்லிப் போனை வைத்தாள். 

மெயிலை மூன்று தடவை எழுதினாள். முதல் தடவை, ‘முந்தைய அறிக்கையில் சில சொல் வேறுபாடுகள் கவனத்துக்கு வந்துள்ளன’ என்று ஆங்கிலம் வழுக்கிக்கொண்டு வந்தது. யாருடைய கவனத்துக்கு, யார் போட்ட சொல், சில என்றால் எத்தனை? ஆளே இல்லாத வீட்டில் பாத்திரம் தானாக உருண்ட மாதிரி இருந்தது. அழித்தாள். இரண்டாவது தடவை, ‘தவறு என்னுடையது, ஆனால் மென்பொருள்’ என்று தொடங்கி அந்த ‘ஆனால்’ பக்கத்திலேயே நின்றுவிட்டாள். ஸ்பெயினில் வயாதோலித் நகரத்துக்குப் பக்கத்து மடத்தில் வெள்ளிக்கிழமை தோறும் குற்றம் சொல்கிற சடங்கு உண்டு. சிஸ்டர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, ஒவ்வொருத்தியாக நடுவில் முழங்காலிட்டு அந்த வாரம் செய்த தப்பை எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். மடத்துத் தலைவி மாத்ரே கொன்சுவேலோ கையைக் கட்டிக்கொண்டு கேட்பார். சொல்கிறவள் வாயில் ‘பேரோ’, அதாவது ஆனால், என்ற சொல் வந்தால் போச்சு. “முதலிலிருந்து” என்பார், அவ்வளவுதான், கோபம்கூட இருக்காது. ஒரு பஞ்சாப் சிஸ்டர் பால் பொங்கவிட்டதை நாலு தடவை முதலிலிருந்து சொன்னாள். எமரென்சியாவுக்கு அந்தச் சங்கடமே வந்ததில்லை, அவள் கெட்டிக்காரி. சொல்ல ஒன்றும் இல்லாத வாரங்களில் தப்பைக் கற்பனை செய்துகொண்டு போவாள்: படிக்கட்டில் ஓடினேன், ரொட்டியை வீணாக்கினேன். செய்யாத தப்புக்கு ஆனால் எதற்கு வருகிறது? வெளியேறுவது என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்ட வெள்ளிக்கிழமைகூட, நடுவில் முழங்காலிட்டு, ‘ஒரு கோப்பையை உடைத்தேன்’ என்றாள். எந்தக் கோப்பையும் உடையவில்லை. மாத்ரே அவளையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார். அந்த ஆறு வருடத்தில் ஒரு நிஜத் தப்பைக்கூட அவள் அந்த வட்டத்தின் நடுவில் வைத்ததில்லை என்பது இப்போது, காத்தாடி கறகறவென்று சுற்றுகிற இந்த மாடி அறையில், இத்தனை தாமதமாக உறைத்தது. உறைத்ததும் ‘ஆனால்’ என்ற சொல்லை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

மூன்றாவது தடவை சின்னதாக வந்தது. ‘முதல் அறிக்கையை ஆங்கிலமாக்கியவள் நான். மூலத்தில் திட்டப்பிழை என்று இருப்பதை நாற்பத்தொரு இடங்களில் திட்ட விலக்கம் என்று போட்டுவிட்டேன். இதனால் நோயாளிகளிடையே உள்ள வேறுபாடு உண்மையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்காகத் தெரிகிறது. சிலருக்கு அழுத்தம் நாற்பதுக்கு மேல் இறங்கியிருக்கலாம். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு முன் இது டாக்டர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். முழுப் பட்டியலை இணைத்திருக்கிறேன். நான் தொலைபேசியில் இருக்கிறேன்.’ கீழே எண்ணைப் போட்டாள், முழுப் பெயரைப் போட்டாள். பத்தில் ஒரு பங்கு என்பது எல்லாக் குழுவுக்கும் பொருந்தாதே, நாற்பத்தொன்பது பேர் குழுவுக்கு ஏழில் ஒரு பங்கு அல்லவா என்று கடைசி நேரத்தில் உறுத்தியது. அதையும் திருத்தினாள். தப்பை ஒத்துக்கொள்கிற கடிதத்தில் இன்னொரு தப்பு இருந்தால் சந்தி சிரிக்கும். இணைப்பைத் திறந்து சரியான கோப்புதானா என்று பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்து பார்த்தாள். பன்னிரண்டு மணி மூன்று நிமிடம். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. அது அடங்குவதற்குள் அனுப்பிவிட்டாள்.

அனுப்பிய பிறகு எழுந்து நின்றாள், மெதுவாக, மேசையைப் பிடித்துக்கொண்டு. முகம் கழுவினாள். கண்ணாடியில் ஒரு நாற்பத்தேழு வயதுப் பெண் ஈரமான புருவத்தோடு, அடி வாங்கத் தயாராக நிற்கிற குஸ்திக்காரன் மாதிரி பார்த்தாள். நாலு பக்கம் இன்னும் பாக்கி. இனிமேல் அதை அவளிடமிருந்து வாங்கிக்கொள்வார்களோ குப்பையில் போடுவார்களோ, ஒரு மணிக்கு என்று ஒப்புக்கொண்டாள், ஒரு மணிக்குக் கொடுப்பாள். உட்கார்ந்தாள். டூல் பழைய வாக்கியத்தை நீட்டியது, தொண்ணூற்றிரண்டு சதவீதம் என்று பல்லைக் காட்டியது. “போடா” என்று தள்ளிவிட்டு ஒவ்வொரு சொல்லையும் கையால் அடித்தாள். திட்டப்பிழை வந்த இடத்தில் திட்டப்பிழை, விலக்கம் வந்த இடத்தில் விலக்கம். மூன்றாம் பக்கத்தின் அடிக்குறிப்பில், பொடி எழுத்தில், ஆய்விலிருந்து பாதியில் விலகியவர்கள் ஐந்து பேர், அவர்களில் மயக்கம் காரணமாக இருவர், கீழே விழுந்து ஒருவர் என்று இருந்தது. போன வருடத்து அறிக்கையிலும் இருந்திருக்கும், அன்றைக்கும் சரியாகத்தான் மொழிபெயர்த்திருப்பாள், எண்ணைப் பென்சிலால் தொட்டிருப்பாள். அந்த ஒருவர் யார், ஆணா பெண்ணா, எழுந்தாரா என்று அறிக்கை சொல்லவில்லை. அவள் அந்த வரியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். பன்னிரண்டு ஐம்பத்தாறுக்குக் கோப்பு போய்ச் சேர்ந்தது.

போனை மேசை நடுவில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பசித்தது, சாப்பிடத் தோன்றவில்லை. திங்கட்கிழமைக்குள் பார்ப்பார்களா, வெள்ளிக்கிழமை மதியம் என்றாலே அரை விடுமுறை, டாக்டர் ஊருக்குப் போயிருந்தால், ஹேமலதாவின் மேலதிகாரி முதலில் வக்கீலைக் கேட்போம் என்று உட்கார்ந்தால், அதற்குள் திங்கள் வந்துவிட்டால். இரண்டு மணி வரை பார்ப்பது, அப்புறம் மருத்துவமனையின் எண்ணைத் தேடி நேராகக் கூப்பிட்டுவிடுவது. ஏஜென்சியைத் தாண்டிப் போகக் கூடாது என்று ஒப்பந்தம் இருக்கிறது. இருக்கட்டும். எண்ணைத் தேடி எடுத்துப் பேப்பரில் எழுதிக்கொண்டாள், முதியோர் பிரிவு, விசாரணை, இரண்டு எண்கள். என்ன சொல்வது என்று இரண்டு வரி தமிழிலும் இரண்டு வரி ஆங்கிலத்திலும் எழுதிக்கொண்டாள். ஒன்று நாற்பதுக்குப் போன் அதிர்ந்தது.

“மேடம், ரெண்டு விஷயம்” என்றாள் ஹேமலதா, மூச்சு வாங்கியது, மாடிப்படியில் நின்று பேசுகிறாள் போல. “அந்த ஆஸ்பத்திரி டாக்டரே லைன்ல வந்தாரு. உங்க பட்டியல வெச்சு அவங்க ஆள் ஒருத்தர் கணக்குப் போட்டுப் பாத்துட்டாராம், நீங்க சொன்னது சரிதானாம். திங்கக்கெழம கூட்டம் இல்ல, நிறுத்தி வெச்சுட்டாங்க. அந்த மாத்திரைய இப்போதைக்கு யாருக்கும் குடுக்கப் போறதில்ல, ஸ்பெயின்லேர்ந்து ஒவ்வொரு பேஷன்ட் விவரமும் கேட்டு எழுதியிருக்காங்க.” அங்கே நிறுத்தினாள். மறுபடி பேசும்போது குரல் இறங்கியிருந்தது. “ரெண்டாவது, உங்க பேர மெடிக்கல் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்க மேடம். இன்னிக்கே. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், நீங்களா வந்து சொன்னீங்கன்னு, அத கணக்குல எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க. லெட்டர் சாயங்காலம் வரும்.”  ஜன்னலுக்கு வெளியே டேங்க்கிலிருந்து வழிந்த தண்ணீர் வெயிலில் காய்ந்து, சுவரில் அதன் கறை மட்டும் இருந்தது. “மேடம்? லைன்ல இருக்கீங்களா? நான் சொன்னது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு ஹேமா” என்றாள் எமரென்சியா. “அந்த மொத விஷயத்த இன்னொரு தடவ சொல்லுங்க.”